விரட்டும் டிஸ்கஸை விற்றுவிடலாமா?

வாசகர் கேள்வி:

ஐயா, வணக்கம். நான் கோவையில் வசிக்கிறேன். நான்கடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள தொட்டியில் ஐந்து டிஸ்கஸ் மீன்கள் வளர்க்கிறேன். ரெட் டர்க்காய்ஸ் வகையில் ஒன்றும் பிஜன் பிளட் வகையில் இரண்டும் எட்டு மாதங்களுக்கு முன்பு சென்னை கொளத்தூரிலிருந்து வரவழைத்தவை. இரண்டு மாதங்களுக்கு முன்பு இங்குள்ள ஒரு கடையில் இரண்டு சிறிய நீல டிஸ்கஸ் வாங்கி நேரடியாகத் தொட்டியில் விட்டேன். அன்றிலிருந்து டர்க்காய்ஸ் எல்லா மீன்களையும் விரட்டுகிறது, குறிப்பாக உணவு போடும்போது. சிறிய மீன்களில் ஒன்று கறுத்துப்போய் ஹீட்டருக்குப் பின்னால் ஒடுங்கி நிற்கிறது. ஒரு வாரமாக எதுவும் தின்னவில்லை. அதன் உடம்பில் இரண்டு இடங்களில் வெளிறிய திட்டுகள் இருக்கின்றன. டர்க்காய்ஸைப் பிடித்து மூன்று நாள் வேறு தொட்டியில் வைத்தேன். அப்போது ஒரு பிஜன் பிளட் விரட்டத் தொடங்கிவிட்டது. திரும்ப விட்டதும் பழைய நிலைதான். டர்க்காய்ஸும் அந்தப் பிஜன் பிளட்டும் மட்டும் ஃபில்டர் குழாய் அருகே சண்டையில்லாமல் சேர்ந்து நிற்கின்றன. தொட்டியைச் சுத்தமாக வைக்க ஒரு சக்கர் மீனும் விட்டிருக்கிறேன். டர்க்காய்ஸை விற்றுவிடு என்கிறார் நண்பர். இன்னும் ஐந்து டிஸ்கஸ் வாங்கிவிட்டால் சண்டை குறையும் என்கிறார் கடைக்காரர். எதைச் செய்வது?

பதில்:

வணக்கம். நீங்கள் கேட்ட இரண்டில் எதையும் இப்போதைக்குச் செய்ய வேண்டாம். விற்பதும் வாங்குவதும் பிறகு முடிவு செய்ய வேண்டியவை. அதற்கு முன்பாக இன்றே செய்ய வேண்டிய வேலைகள் இரண்டு உள்ளன: ஹீட்டருக்குப் பின்னால் நிற்கும் சிறிய மீனைத் தனியே பிரிக்க வேண்டும், சக்கர் மீனைத் தொட்டியிலிருந்து எடுத்துவிட வேண்டும். காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரி, டர்க்காய்ஸை அகற்றியதும் பிஜன் பிளட் விரட்டத் தொடங்கியது என்பது. அடிக்கும் மீன் ஒன்றுதான் குற்றவாளி என்றால், அதை எடுத்த பிறகு தொட்டி அமைதியாகியிருக்க வேண்டும். அப்படி ஆகவில்லை என்பதாலேயே, காரணம் அந்த ஒரு மீனின் குணத்தில் இல்லை, தொட்டியில் மீன்கள் சேர்க்கப்பட்டிருக்கும் விதத்தில் இருக்கிறது என்று தெரிகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை தாமாகப் புரியும்.

டிஸ்கஸ் சாந்தமான மீன் என்று சொல்லித்தான் கடைகளில் விற்கிறார்கள். ஆஸ்கார், ஃபிளவர்ஹார்ன் ஆகியவற்றோடு ஒப்பிட்டால் அது உண்மைதான்; ஆனால் இதுவும் அவற்றைப் போலவே சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்தது, அந்தக் குடும்பத்துக்கு உரிய இடப்பற்றும் அதிகார வரிசையும் இதற்கும் உண்டு. அமேசான் வடிநிலத்து ஆறுகளில், நீர் வற்றும் பருவத்தில், கரையோரம் சாய்ந்து மூழ்கிக் கிடக்கும் மரக்கிளைகளுக்கு இடையே இவை பெருங்கூட்டமாக வாழ்கின்றன. அங்கும் பெரிய மீன் சிறியதை விரட்டத்தான் செய்கிறது. விரட்டப்பட்ட மீன் இரண்டு கிளை தாண்டி மறைந்துவிட்டால் விவகாரம் முடிந்துவிடும். விரட்டிய மீனுக்கும் அடுத்தடுத்து வேறு மீன்கள் எதிர்ப்படுவதால் ஒரே மீனைத் துரத்திக்கொண்டிருக்க நேரமிருக்காது. நான்கடித் தொட்டியில் ஐந்து மீன்கள் மட்டும் இருக்கும்போது இந்த இரண்டு வசதிகளுமே இல்லை. தோற்ற மீனுக்கு மறைவிடம் கிடையாது. வென்ற மீனின் கண்ணில் திரும்பத் திரும்ப அதே நான்கு மீன்கள்தான் படுகின்றன. அவற்றில் மிகச் சிறியது எல்லா அடியையும் வாங்கிக்கொள்கிறது.

ஆகவே விரட்டுவதை முற்றிலும் நிறுத்திவிட முடியாது, நிறுத்தவும் தேவையில்லை. எது இயல்பு, எது ஆபத்து என்று பிரித்தறியத் தெரிந்தால் போதும். நாளைக் காலையில் உணவு போட்ட பிறகு தொட்டியிலிருந்து நான்கைந்து அடி தள்ளி உட்கார்ந்து, கால்மணி நேரம் பொறுமையாகப் பாருங்கள். அருகில் நின்றால் உணவுக்காக எல்லா மீன்களும் உங்களை நோக்கி வந்துவிடும், உண்மையான நடத்தை தெரியாது. இயல்பான விரட்டலில், பெரிய மீன் துடுப்புகளை விரித்துக்கொண்டு பக்கவாட்டில் திரும்பித் தன் முழு உடலையும் காட்டும். பிறகு ஒரு முட்டு, அல்லது ஓர் அடி தூரத்துக்கு ஒரு துரத்தல். துரத்தப்பட்ட மீன் விலகிப் போய், சில நொடிகளில் வேறு பக்கமாகச் சுற்றி வந்து, தன் பங்கைக் கொத்தித் தின்னும். இப்படித் திரும்பி வந்து தின்கிற மீனைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. சில சமயம் இரண்டு மீன்கள் வாயோடு வாய் கவ்வி இழுப்பதைக் காணலாம். பார்க்கப் பதற்றமாக இருக்கும், ஆனால் ஏறக்குறையச் சம பலமுள்ள மீன்கள்தான் அப்படிச் செய்யும், பெரும்பாலும் சேதமில்லாமல் முடிந்துவிடும். ஆபத்தானது வேறு: விரட்டப்பட்ட மீன் திரும்பி வராமல் மூலையிலேயே நின்றுவிடுவதும், உணவு தன் முகத்துக்கு நேரே மிதந்து வந்தாலும் வாய் திறக்காததும், உணவு நேரம் முடிந்த பிறகும் பெரிய மீன் தொட்டியின் குறுக்கே நீந்திப் போய் அதைத் தேடி அடிப்பதும்தான். உங்கள் சிறிய நீல மீன் இந்த நிலையில்தான் இருக்கிறது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது: அடி வாங்கியதால் மீன் நோயுற்றதா, நோயுற்றதால் அடி வாங்குகிறதா? இரண்டும் நடக்கும். டிஸ்கஸ் கூட்டத்தில் தளர்ந்துபோன மீனை மற்றவை மிக விரைவில் கண்டுகொள்கின்றன. அதுவரை சும்மா இருந்த மீன்கள்கூட அதை இடிக்கத் தொடங்கும். கடையிலிருந்து வந்த மீனை நேரடியாகத் தொட்டியில் விட்டதாக எழுதியிருக்கிறீர்கள், அதனால் குடல் ஒட்டுண்ணிகளோடு அது வந்திருக்க வாய்ப்பு உண்டு. அதன் கழிவைக் கவனியுங்கள். உணவின் நிறத்தில், கெட்டியாக விழுந்தால் நல்லது. வெள்ளை நூல் போல நீளமாகத் தொங்கிக்கொண்டிருந்தால் குடலில் கோளாறு என்று கொள்ளலாம். கண்ணுக்கு மேலுள்ள நெற்றிப் பகுதி உட்குழிந்து கத்தி முனை போலத் தெரிந்தால் அது பல வாரங்களாகவே சரியாகத் தின்னவில்லை என்று பொருள். ஒரு வாரப் பட்டினியில் அப்படி ஆகாது. செவுள் வேகமாக அடித்துக்கொள்வது, ஒரு பக்கச் செவுளை மட்டும் மூடிக்கொண்டு மூச்சு விடுவது, கண்ணாடியிலும் குழாயிலும் உடம்பைத் தேய்ப்பது ஆகியவை செவுள் புழுவின் அறிகுறிகள். இன்னொன்று, நீல வகைகளில் மீன் கலங்கிப்போயிருக்கும்போது உடம்பில் செங்குத்தான கறுப்புப் பட்டைகள் தெளிவாகத் தெரியும். பிஜன் பிளட் வகையில் அந்தப் பட்டைகளே கிடையாது. அதனால் பிஜன் பிளட் நலமாக இருப்பதாகவே நமக்குத் தோன்றும். துடுப்புகள் உடம்போடு ஒட்டிக் கிடக்கின்றனவா, உடம்பில் மிளகுத் தூள் தூவியது போன்ற கரும்புள்ளிகள் அதிகமாகின்றனவா என்று பார்த்துத்தான் அதன் நிலையை அறிய வேண்டும். அடி வாங்கும் இரண்டாவது பிஜன் பிளட்டையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள்.

வெளிறிய திட்டுகளுக்கு வருகிறேன். டர்க்காய்ஸின் மேல் நீங்கள் சுமத்தியிருக்கும் பழிகளில் இது ஒன்று மட்டும் பெரும்பாலும் அதைச் சேராது என்று நினைக்கிறேன். டிஸ்கஸ் ஒன்றையொன்று அடிக்கும்போது ஏற்படும் காயங்கள் வாலின் அடிப்பகுதியிலும் துடுப்பு ஓரங்களிலும் இருக்கும். துடுப்பு கிழிந்திருக்கும், அல்லது ஒன்றிரண்டு செதில்கள் பெயர்ந்திருக்கும். உடம்பின் தட்டையான நடுப்பகுதியில், வட்டமாகவோ நீள்வட்டமாகவோ, சுரண்டி எடுத்தது போல மங்கிய திட்டு இருந்தால் அது பெரும்பாலும் சக்கர் மீனின் வேலை. டிஸ்கஸின் தோலில் தடித்த சளிப்படலம் உண்டு. இரவில் விளக்கணைந்ததும் டிஸ்கஸ் அசையாமல் நிற்கும். சக்கர் மீன் அதன் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு அந்தச் சளியைச் சுரண்டித் தின்னும். தளர்ந்துபோய் ஒரே இடத்தில் நிற்கும் மீன்தான் இதற்கு முதலில் அகப்படும். விளக்கை அணைத்து இரண்டு மணி நேரம் கழித்து, மெல்லிய வெளிச்சத்தில் தொட்டியைப் பார்த்தால் நீங்களே கண்ணால் காணலாம். ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். டிஸ்கஸ் தொட்டியில் சக்கர் மீனுக்கு இடமே இல்லை என்பது என் உறுதியான கருத்து. எடுத்த சக்கர் மீனைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தயவுசெய்து உக்கடம், சிங்காநல்லூர் போன்ற குளங்களிலோ வாய்க்காலிலோ விட்டுவிடாதீர்கள். தென்னமெரிக்காவைச் சேர்ந்த அந்த மீன் தமிழ்நாட்டு நீர்நிலைகள் பலவற்றில் ஏற்கெனவே பெருகி, உள்ளூர் மீன்களுக்கும் வலை வீசிப் பிழைப்போருக்கும் பெருந்தொல்லையாகிவிட்டது.

நோயுற்ற மீனுக்கு இரண்டடித் தொட்டி ஒன்று போதும். அடியில் மணலோ கல்லோ வேண்டாம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஹீட்டர், மறைந்துகொள்ள ஒரு பெரிய பிவிசி குழாய்த் துண்டு, இவ்வளவுதான். பெரிய தொட்டியின் தண்ணீரையே எடுத்து நிரப்புங்கள். வெப்பநிலையை ஒரு நாளைக்கு ஒரு டிகிரி வீதம் உயர்த்தி 30 அல்லது 31 டிகிரி செல்சியஸில் நிறுத்துங்கள். தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். மூன்று பக்கக் கண்ணாடிகளை வெளியிலிருந்து காகிதத்தால் மூடிவிட்டால் மீன் விரைவில் அமைதியாகும். இரண்டு நாள் கழித்து, ப்ளட் வார்ம் என்னும் சிவப்புப் புழுக்கள் சிலவற்றை மட்டும் போட்டுப் பாருங்கள். அரைமணி நேரத்தில் தின்னாததை எடுத்துவிடுங்கள். வெள்ளைக் கழிவு தொடர்ந்தால் மீன் நோய் அறிந்த மருத்துவரிடமோ மீன்வளத் துறை அலுவலரிடமோ காட்டி, அவர் சொல்லும் மருந்தை அவர் சொல்லும் அளவில், இந்தச் சிறிய தொட்டியில் மட்டும் பயன்படுத்துங்கள். கடைக்காரர் சொன்னார் என்று மருந்தைப் பெரிய தொட்டியில் கொட்டினால் ஃபில்டரில் வாழும் நன்மை செய்யும் பாக்டீரியா அழிந்து, ஒரு மீனுக்கு இருந்த துன்பம் எல்லா மீன்களுக்கும் வந்துவிடும்.

இனி டர்க்காய்ஸின் விஷயம். கடிதத்தில் போகிற போக்கில் எழுதிவிட்ட ஒரு செய்தி என் கவனத்தை ஈர்த்தது: டர்க்காய்ஸும் அந்தப் பிஜன் பிளட்டும் ஃபில்டர் குழாய் அருகே சண்டையின்றிச் சேர்ந்து நிற்கின்றன என்பது. டர்க்காய்ஸ் இல்லாத மூன்று நாளும் மற்ற மீன்களை விரட்டியதும் அதே பிஜன் பிளட்தான் என்கிறீர்கள். அப்படியானால் அவை இரண்டும் ஜோடி சேர்ந்திருக்கலாம்; ஒன்று இல்லாதபோது மற்றொன்று அந்த மூலையைக் காத்தது என்றுதான் அதற்குப் பொருள். எட்டு மாதங்களுக்கு முன்பு வரும்போது அவை மூன்று அங்குலக் குஞ்சுகளாக இருந்திருந்தாலும் இப்போது இனப்பெருக்க வயதை எட்டியிருக்கும்.

ஜோடி என்பதை உறுதி செய்துகொள்ள அந்த மூலையைக் கவனியுங்கள். இரண்டு மீன்களும் எதிரெதிரே வந்து தலையைத் தாழ்த்தி வணங்குவது போலச் செய்கின்றனவா? ஒன்றையொன்று கடந்து போகும்போது உடம்பின் பின்பாதி நடுங்குகிறதா? உணவு எதுவும் ஒட்டியிருக்காத குழாயை இரண்டும் மாறி மாறிக் கொத்திச் சுத்தம் செய்கின்றனவா? முட்டையிடும் நேரம் நெருங்கும்போது இரண்டுக்கும் வயிற்றுக்குக் கீழே சிறு குழல் நீளும். பெண்ணுக்கு அது அகன்று மழுங்கிய முனையோடும், ஆணுக்குக் குறுகிக் கூரிய முனையோடும் இருக்கும். இந்த அடையாளங்கள் தெரிந்தால் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிட்டது. ஜோடி சேர்ந்த டிஸ்கஸ் மற்ற மீன்களைத் தொட்டியின் மறுபாதிக்குத் தள்ளிவிடுவது அவற்றின் பிறவிக் கடமை. டிஸ்கஸ் குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய முதல் சில வாரங்களில் தாய் தந்தை இருவரின் உடம்பிலும் சுரக்கும் சளியையே உண்டு வளர்கின்றன. பெற்றோர் இருவரும் ஓரிடத்தில் அமைதியாக நின்றால்தான் குஞ்சு பிழைக்கும். அருகில் வேறு மீன் இருந்தால் முட்டையும் மிஞ்சாது, குஞ்சும் மிஞ்சாது. அப்படிப்பட்ட மீனை முரடன் என்று விற்றுவிடுவது எனக்கு மிகவும் வருத்தமளிக்கும் காரியம். ஒரே தொட்டியில் தாமாகவே ஒன்றையொன்று தேர்ந்துகொண்ட ஜோடி எளிதில் கிடைப்பதில்லை. அதற்காகவே பல மீன்களை ஒன்றாக வளர்த்துக் காத்திருப்பவர்கள் உண்டு.

ஜோடிதான் என்று தெரிந்தால் இரண்டையும் ஒரே நாளில் எடுத்து, நீளம் அகலம் உயரம் மூன்றும் ஒன்றரை அடியாக உள்ள தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். அங்கே ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும், முட்டையிடுவதற்குச் சுட்ட மண்ணாலான கூம்போ செங்குத்தாக நிறுத்திய குழாயோ போதும். இடமாற்றத்தால் கலங்கி முதல் சில நாட்களில் அவையே ஒன்றையொன்று அடித்துக்கொண்டால், நடுவில் வலைத்தடுப்பு வைத்து, பார்க்க மட்டும் முடிகிறபடி நான்கைந்து நாள் பிரித்து வையுங்கள். முட்டை ஏறக்குறைய 60 மணி நேரத்தில் பொரிக்கும். முட்டைகள் எல்லாமே வெளுத்துப்போனால் மனம் தளர வேண்டாம். முதல் சில முறை அப்படி ஆவது வழக்கம், இரண்டு பெண் மீன்கள் ஜோடியாகிவிடுவதும் உண்டு. குஞ்சு வளர்ப்பு தனியே எழுத வேண்டிய பெரிய விஷயம் என்பதால் இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

ஜோடி இல்லை என்று தெரிந்தால் தொட்டியின் ஏற்பாட்டைத்தான் மாற்ற வேண்டும். டர்க்காய்ஸை மூன்று நாள் பிரித்து வைத்தது தவறான வழியல்ல. ஆனால் மூன்று நாள் போதாது, மேலும் அது திரும்பி வந்தபோது குழாய், ஹீட்டர், மரக்கட்டை எல்லாம் விட்டுச் சென்ற இடத்திலேயே இருந்தன. தன் இடத்தை அது அடையாளம் கண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்துவிட்டது. இந்த முறை வேறு தொட்டிக்கு மாற்றாமல், துளைகளிட்ட தெளிவான அக்ரிலிக் தகட்டாலோ பிளாஸ்டிக் வலைச் சட்டத்தாலோ பெரிய தொட்டியிலேயே மூன்றில் ஒரு பகுதியைத் தடுத்து, டர்க்காய்ஸை அந்தச் சிறிய பகுதியில் விடுங்கள். தண்ணீர் ஒன்றாகவே இருக்கும். மீன்கள் ஒன்றையொன்று பார்க்கும், தொட முடியாது. மற்ற மீன்கள் பெரிய பகுதியில் தயக்கமின்றி உலவித் தின்னப் பழகுவதற்குப் பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை கொடுங்கள். தடுப்பை எடுக்கும் நாளில் முதலில் பாதித் தண்ணீரை மாற்றி, உள்ளே இருக்கும் பொருட்கள் எல்லாவற்றையும் இடம் மாற்றி, விளக்கை அணைத்துவிட்டு, மாலையில் எடுங்கள். அப்போது எல்லா மீன்களுக்கும் அது புது இடம். டர்க்காய்ஸும் புதிதாக வந்த மீனாகிவிடும். உயரமான இரண்டு மரக்கிளைகளைச் செங்குத்தாக நிறுத்தினால், தொட்டியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை தெரியாதபடி பார்வை தடைபடும். அடியில் கிடக்கும் குகைகளும் பானைகளும் டிஸ்கஸுக்குப் பயன்படாது, ஏனென்றால் உயரமான இந்த மீன் கிளைகளுக்கு நடுவே மறையுமே தவிர தரையில் பதுங்காது.

உணவு போடும் முறையைக் கட்டாயம் மாற்றுங்கள். கண்ணாடியில் ஒட்டவைத்துப் புழு போடும் துளைக் கூம்பு ஒன்றை மட்டும் வைத்து உணவு கொடுப்பவர் என்றால் அதை இன்றே எடுத்துவிடுங்கள். உணவு ஒரே இடத்தில் விழுந்தால் அந்த இடத்தைக் காவல் காப்பது ஒரு மீனுக்கு மிக எளிது. தொட்டியின் இரண்டு முனைகளிலும் ஒரே சமயத்தில், கொஞ்சம் பரவலாகப் போடுங்கள். டர்க்காய்ஸ் ஒரு முனையில் தின்னத் தொடங்கியதும் மறுமுனையில் இன்னும் கொஞ்சம் போட்டால், அது அங்கே ஓடி வருவதற்குள் மற்றவை சில வாய் தின்றிருக்கும். ஒரு நாளைக்கு இரண்டு பெரிய வேளைகளுக்குப் பதில் நான்கு சிறிய வேளைகளாகக் கொடுங்கள். குருணை உணவையும் உறைந்த ப்ளட் வார்மையும் மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். உயிருள்ள டியூபிஃபெக்ஸ் புழு சாக்கடை நீரில் வளர்வது என்பதால் டிஸ்கஸ் தொட்டிக்கு வேண்டவே வேண்டாம்.

கடைக்காரரின் யோசனையிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். மூன்று டிஸ்கஸ் வைப்பது மிக மோசமான எண்ணிக்கை; இரண்டு சேர்ந்து ஒன்றை வாட்டும். ஆறு, அதற்கு மேல் என்று போகும்போது அடி பலருக்கும் பகிர்ந்து போவதால் எந்த மீனும் நசிந்துபோவதில்லை. ஆனால் உங்கள் தொட்டியின் அளவைப் பாருங்கள். 9 கன அடி, அதாவது விளிம்புவரை நிரப்பினால் 255 லிட்டர். மேலே இரண்டு அங்குலம் விட்டு, உள்ளிருக்கும் பொருட்களையும் கழித்தால் 220 லிட்டர் தேறும். வளர்ந்த டிஸ்கஸ் ஒன்றுக்கு 40 லிட்டர் என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் கணக்கு. அதன்படி இந்தத் தொட்டி ஐந்து மீன்களுக்கு உரியது, தண்ணீரைத் தவறாமல் மாற்றுகிறவர் ஆறு வைக்கலாம். பத்து மீன்கள் வைத்தால் சண்டை குறையலாம். ஆனால் தினமும் பாதிக்கு மேல் தண்ணீர் மாற்ற வேண்டிவரும். குஞ்சுகளை வளர்த்து விற்கும் பண்ணைகளில் அப்படி நெருக்கமாக வைப்பதைப் பார்த்துவிட்டுத்தான் கடைக்காரர் சொல்கிறார். பண்ணையில் அதற்கென்றே ஆளும் குழாயும் தொட்டியில் நிரப்பிவைத்த தண்ணீரும் இருக்கின்றன. வேலைக்குப் போய்வருகிற ஒருவர் வீட்டில் இரண்டு நாள் ஊருக்குப் போனால், அந்தப் பத்து மீன்களும் தங்கள் கழிவிலேயே நிற்க வேண்டியதாகிவிடும்.

எனவே ஜோடியைத் தனியே மாற்றினால் மீதமுள்ள மூன்றோடு மேலும் மூன்று மீன்கள் சேர்க்கலாம். ஜோடி இல்லையென்றால் ஒன்று மட்டும் சேர்க்க இடமிருக்கிறது, அதையும் நீல மீன் தேறி வந்த பிறகே யோசிக்க வேண்டும். எதுவானாலும் புதிய மீன் இருக்கும் மீன்களின் அளவிலேயே இருக்கட்டும். பெரிய மீன்கள் நிற்கும் தொட்டியில் சிறிய மீன்களை விட்டதுதான் இவ்வளவுக்கும் தொடக்கம். மூன்று வாங்குவதென்றால் மூன்றையும் ஒரே இடத்தில், ஒரே நாளில் வாங்குங்கள். குறைந்தது நான்கு வாரம் தனித் தொட்டியில் வைத்து, தின்பதையும் கழிவையும் பார்த்து நிச்சயப்படுத்திக்கொண்டு, பிறகு மூன்றையும் சேர்த்தே விடுங்கள். கடைசி வாரத்தில் பெரிய தொட்டியின் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் கலந்துவருவது நல்லது. வாங்கும்போது கண்ணைப் பாருங்கள்: உடம்பின் அளவுக்குக் கண் மிகப் பெரிதாகத் தெரிந்தால் அது வயதாகியும் வளராமல் குன்றிப்போன மீன். உங்கள் தொட்டியில் அது என்றைக்கும் கடைசி இடத்தில்தான் நிற்கும்.

தண்ணீர் பற்றிக் கடிதத்தில் நீங்கள் எதுவும் எழுதவில்லை. கோவையில் பலரும் சிறுவாணித் தண்ணீர் வருகிற நாளில் அதையும், வராத நாளில் ஆழ்குழாய்த் தண்ணீரையும் பயன்படுத்துகிறார்கள். முன்னது மென்மையானது, பின்னது பெரும்பாலும் கடினமானது; இரண்டையும் மாற்றி மாற்றி ஊற்றினால் மீனுக்குத் தாளாது. பண்ணையில் பிறந்து வளர்ந்த டிஸ்கஸ் ஓரளவு கடினமான தண்ணீரிலும் நன்றாகவே வாழும், ஆனால் வாரத்துக்கு வாரம் மாறும் தண்ணீரில் எரிச்சலடைந்துகொண்டே இருக்கும். ஒரு பெரிய டிரம்மில் எப்போதும் ஒரே விகிதத்தில் கலந்து, ஆன்டி குளோரின் சேர்த்து, ஒரு நாள் ஏர் பம்ப் ஓடவிட்டு, கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். அம்மோனியா சோதனைப் பெட்டி ஒன்று வாங்குங்கள். மீன் கழிவிலிருந்து உண்டாகும் நச்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியமாக இருக்க வேண்டும். தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் குறிக்கும் பிஎச் 7-இலிருந்து 8-க்கு உயர்ந்தால், அதே அளவு அம்மோனியாவில் நச்சுத்தன்மை உள்ள பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிவிடும். அப்போது செவுள் எரிந்து மீன் திடீர் திடீரென்று பாய்வதையும் சிலர் சண்டை என்று நினைத்துக்கொள்கிறார்கள். வெப்பநிலை 28 முதல் 30 டிகிரிக்குள் நிற்கட்டும். ஏப்ரல், மே மாதங்களில் அறைச் சூட்டினாலேயே அது 32-ஐத் தாண்டினால் ஏர் பம்பைக் கூட்டி, மூடியைத் திறந்து, ஒரு சிறிய மின்விசிறியைத் தண்ணீர் மேற்பரப்பில் வீசும்படி வையுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு, தடுப்பை எடுத்து ஒரு மாதம் ஆகியும் டர்க்காய்ஸ் உணவு நேரம் கடந்தும் தேடிப் போய் அடிக்கிறது, ஜோடிக்கான அடையாளமும் இல்லை என்றால், அப்போது அதைக் கொடுத்துவிடுவதில் தவறில்லை. ஆறடித் தொட்டியில் பத்துப் பன்னிரண்டு பெரிய டிஸ்கஸ் வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுங்கள். அத்தகைய கூட்டத்தில் அதைவிடப் பெரிய மீன் இருக்கும், அது அடங்கி வாழக் கற்றுக்கொள்ளும். இரண்டு மீன் மட்டும் வைத்திருப்பவரிடம் எவ்வளவு விலை கிடைத்தாலும் கொடுக்க வேண்டாம். அதற்கு முன்பாக, அந்த ஃபில்டர் குழாய் மூலையில் என்ன நடக்கிறது என்று ஒரு வாரம் பார்த்துவிட்டு, சோதனையில் கிடைத்த தண்ணீர் அளவுகளையும், நீல மீன் தின்னத் தொடங்கிவிட்டதா என்பதையும் எழுதுங்கள். மருந்து தேவையா இல்லையா என்பதை அதை வைத்துச் சொல்கிறேன்.